அம்பு வராத பெட்டி

ராத்திரி பதினொன்றே கால். மேலப்பாளையம்.
கீழே கறிக்கடை ஷட்டர் இறங்குகிறது.
பதிப்பு இரண்டு புள்ளி ஏழு கட்டி முடிந்தது.
மாற்றக் குறிப்பு மட்டும் பாக்கி.

கருவி சின்னது. எழுத்தைக் கொடுத்தால் படம் தரும்.
அணை --> கால்வாய் --> மடை
என்று தட்டினால்
மூன்று பெட்டி, இரண்டு அம்பு.
காசு கிடையாது.
யாரும் எடுக்கலாம், திருத்தலாம், திட்டலாம்.
பெரும்பாலும் திட்டுகிறார்கள்.

முதலில் திருத்தங்கள்.

பெட்டியின் அகலத்தை
இத்தனை நாள் ஆங்கிலக் கணக்கில் அளந்திருக்கிறோம்.
திருநெல்வேலி என்று எழுதினால்
திருநெல் உள்ளே,
வேலி வெளியே.
நெல்லுக்கு வேலி கட்டிப் பெயர் வாங்கிய ஊரில்
வேலிக்கு இடமில்லாமல்
ஆறு வருஷம் போயிற்று.
சரிசெய்தாயிற்று.

வரி மடங்கும் இடத்தில் கொம்பு ஒருபக்கம்
கால் ஒருபக்கம் என்று
கொக்கிரகுளம் உடைந்து விழுந்ததும் சரி.
அது டோனாவூர் ஜெபசிங்கின் வேலை.
'எழுத்துக்கு நடுவுல வெட்டாதயும் வே, ரத்தம் வரும்'
என்று நிரலுக்குள் குறிப்பு வைத்திருக்கிறான்.
அதை நான் அழிக்கவில்லை.

புதியவை.

கோடு கோட்டைக் கடக்கையில்
இனி மேல்கோடு சின்னதாய்க் கூன்போட்டுத் தாண்டும்,
ஓடைக்கு மேலே வாய்க்கால்
தொட்டிப்பாலத்தில் போகிற மாதிரி.
பெட்டியில் கிளம்பிய அம்பு
அதே பெட்டிக்குத் திரும்பலாம்.
கேட்டது பேட்டையில் வட்டிக்கடைக் கணக்குப் பார்ப்பவர்.
'அவன்கிட்ட வாங்கி அவனுக்கே கொடுக்கோம்,
அதை எப்படிக் காட்ட?'

இன்னும் ஒன்று இருக்கிறது.
எந்தத் தலைப்பின் கீழ் போடுவதென்று தெரியவில்லை.

சேரன்மகாதேவி பாசனப் பிரிவிலிருந்து
உதவிப் பொறியாளர் உச்சிமாகாளி
பங்குனியில் எழுதியிருந்தார்.
கன்னடியன் கால்வாயின் ஒரு கிளையை
வரைந்து பார்த்திருக்கிறார்.
எழுதியது பதினேழு குளம்.
படத்தில் பதினாறு.
கீழ முறிச்சாங்குளத்தைக் காணோம்.

'பேரு எழுதியிருக்கேன் சார். அம்புதான் போடலை.
வரத்துக்கால் தூர்ந்து ஒம்பது வருஷம் ஆச்சு.
வராத தண்ணிக்கு அம்பு போட்டா பொய்யில்லையா?
ஆனா குளம் இருக்கு சார்.
நேத்துகூட கரையில நின்னு பார்த்தேன்.'

தேடினேன்.
வரி நானூற்றுப் பன்னிரண்டு:
அம்பு வராத, அம்பு போகாத பெட்டியை
வரையாதே.
பக்கத்தில் என் பெயர்.
இருபத்து மூன்று வயது, பெங்களூர், வாடகை அறை.
பன்னிரண்டு மில்லிநொடி மிச்சம் பிடித்ததற்கு
முதுகில் தட்டிக்கொடுத்தார்கள்.
எத்தனை பேர் படத்தில் எதெது விழுந்துபோயிற்றோ,
யாரும் எழுதவில்லை,
விழுந்தது தெரிந்தால்தானே எழுத.

ஜெபசிங் ஒத்துக்கொள்ளவில்லை.
'யாரோடயும் சேராதது படத்துல எதுக்கு வே,
அசிங்கமா நிக்கும்.'
ரெண்டு நாள் கழித்து அவனே ஒரு சோதனை எழுதி அனுப்பினான்.
உள்ளீடு: ஒற்றைப் பெட்டி.
எதிர்பார்க்கும் விடை: இருக்கணும்.
வேறொன்றும் சொல்லவில்லை.

'தொடர்பற்ற பெட்டிகள் இனி மறைக்கப்படமாட்டா'
என்று எழுதினேன். அரசாணை மாதிரி இருந்தது.
அடித்தேன்.
'குளம் இருக்கிறது' என்று எழுதினேன்.
குளம் தெரியாதவனுக்கு என்ன புரியும்?
அதையும் அடித்து
முதலில் எழுதியதையே திரும்பப் போட்டேன்.
திருத்தங்களின் கீழ், கடைசி வரி.

பதினொன்று நாற்பதுக்கு வெளியிட்டேன்.
டீ ஆறுவதற்குள் பதில். அந்த அம்மாவும் தூங்கவில்லை.

'குளம் வந்துட்டு சார். ரொம்ப நன்றி.
ஆனா கடைமடையில வரலை.
மேல ஏறி, தலைமதகுக்குப் பக்கத்துல,
அணைக்குச் சமமா உக்காந்திருக்கு.'

உண்மைதான்.
மேலிருந்து எதுவும் வராததையெல்லாம்
ஊற்றுக்கண் என்றே எடுத்துக்கொள்கிறது நிரல்.

திறந்திருக்கும் பிழைகள்: ஒன்று.
பதிப்பு இரண்டு புள்ளி எட்டுக்கு.